ஆற்றோடு போன மாட்டுக்கு யார் சான்று தருவது? (ஃபெஞ்சல் புயல் கால்நடை நிவாரணம், கடலூர்)

பெண்ணைக்கரை | 9 டிசம்பர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நெல்லிக்குப்பத்துக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையை ஒட்டிய சின்ன கிராமம் எங்களுடையது. அம்மாவும் நானும் மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். கறவை இரண்டு, சினை மாடு ஒன்று, ஒன்றரை வயதுக் கிடேரி ஒன்று, ஆடு 11. இதுதான் எங்கள் சொத்து. நிலம் கிடையாது.

2-ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு 11 மணி வாக்கில் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. முதலில் கணுக்கால் அளவுதான். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இடுப்பளவு. அம்மா டார்ச் பிடிக்க, நான் தும்பை அவிழ்த்தேன். மூன்று மாட்டை அவிழ்த்துவிட்டேன். நான்காவது, மூத்த கறவை, மிரண்டு இழுத்ததில் கயிறு இறுகிப் போயிருந்தது. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் முடிச்சு எப்படி ஆகும் என்று மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். விரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம், அவிழவில்லை. அரிவாள் எடுக்க வீட்டுக்குள் போன நேரத்தில் கொட்டகைச் சுவர் சாய்ந்துவிட்டது. அம்மாவைப் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றுவதற்கே பெரும்பாடு ஆகிவிட்டது.

காலையில் மூத்த கறவை கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தது. சினை மாடு மறுநாள் கரை மேட்டில் நின்றிருந்தது, யாரோ ஓட்டி வந்து விட்டார்கள். இளைய கறவையும் கிடேரியும் வரவில்லை. ஆட்டில் நான்கு வேலிகாத்தான் முள்ளில் மாட்டிச் செத்துக் கிடந்தன. ஏழு போன இடம் தெரியவில்லை.

மாட்டு டாக்டர் வந்து மூத்த கறவைக்கும் நான்கு ஆட்டுக்கும் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்தார். மற்றதைப் பற்றிக் கேட்டால், அலுவலகத்தில் ஒரே பதில்தான்: உடல் இல்லாமல் எழுத முடியாது.

என் மனது ஆறாத இடம் இதுதான். கட்டிப் போட்டபடி செத்த மாட்டுக்குப் பணம் வரும். பிழைக்கட்டும் என்று அவிழ்த்துவிட்டு, ஆற்றோடு போன மாட்டுக்கு வராது. அப்படியானால் நான் அவிழ்த்துவிட்டது தப்பா? இந்த மாதிரி கேஸில் யாராவது நிவாரணம் வாங்கியிருக்கிறீர்களா? என்ன காகிதம் கொடுத்தீர்கள்?

---

பழைய கணக்கு | 9 டிசம்பர் 2024, இரவு 10.55

தம்பி, முதலில் அம்மாவும் நீங்களும் பிழைத்தது பெரிது. நான் 31 வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 2011 தானே புயலும் பார்த்தேன், 2015 வெள்ளமும் பார்த்தேன்.

தொகையைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 3-ஆம் தேதி முதலமைச்சர் அறிவித்தபடி பசு, எருமை, எருதுக்கு 37,500 ரூபாய். வெள்ளாடு, செம்மறிக்கு 4,000. கோழிக்கு 100. இது புதிதாகப் போட்ட தொகை இல்லை. போன வருடம் மிக்ஜாம் புயலுக்கும் இதேதான். மத்திய உள்துறை 2022 அக்டோபரில் வெளியிட்ட பேரிடர் நிவாரண விதிப் பட்டியலில் கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000. அதற்கு முந்தைய பட்டியலில் கறவைக்கு 30,000, ஆட்டுக்கு 3,000தான். 2015 வெள்ளத்தில் நான் எழுதியதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இதற்கு உச்சவரம்பும் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கறவை என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது. அதற்கு மேல் எத்தனை செத்தாலும் பணம் கிடையாது.

உடல் ஏன் கேட்கிறார்கள் என்றால், அனுபவம்தான். ஒரே மாட்டின் படத்தைக் காட்டி மூன்று பேர் மனு கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளத்துக்கு முதல் நாள் சந்தையில் விற்ற மாட்டையும் எழுதச் சொல்லி வந்தவர் உண்டு. கையெழுத்துப் போடுகிறவன் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை, தம்பி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பயத்தைச் சொல்கிறேன்.

---

பெண்ணைக்கரை | 9 டிசம்பர் 2024, இரவு 11.20

ஐயா, பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு இரண்டு மாடும் ஏழு ஆடும் விலை கொடுப்பது எங்கள் வீடுதானே. ஊருக்குள் யார் வீட்டில் எத்தனை மாடு என்று தெரு முழுக்கத் தெரியும். தலையாரிக்குத் தெரியும். காலையும் மாலையும் பால் எடுக்கிற சொசைட்டிக்குத் தெரியும். செத்த மாடு மட்டும்தான் சாட்சி என்றால், வெள்ளத்தில் சாட்சியையும் ஆறுதான் கொண்டு போகிறது.

---

பாகூர் ஏரிக்கரை | 10 டிசம்பர் 2024, காலை 6.15

நான் ஆற்றுக்கு வடக்கே, புதுச்சேரிப் பக்கம். எங்களுக்கும் அதே தண்ணீர்தான் வந்தது, அதோடு நவம்பர் 30 ராத்திரி புயல் கரை கடந்தபோது கொட்டித் தீர்த்த மழை வேறு.

எங்கள் அரசு செத்த பசுவுக்கு 40,000, கன்றுக்கு 20,000 என்று அறிவித்திருக்கிறது. ரேஷன் அட்டைக்கு 5,000. உங்கள் பக்கம் அட்டைக்கு 2,000. இதை வைத்து எங்களை யாரும் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சித்தப்பா வீட்டில் எருமை ஒன்று காணாமல் போனது, இங்கேயும் அதே கேள்விதான்: உடல் எங்கே? உடல் எங்கே என்றால், இரண்டு நாள் கழித்து உங்கள் பக்கத்துக் கரையில் ஒரு எருமை ஒதுங்கியதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்கப் பாதை இல்லை. பாதை கிடைத்துப் போனபோது ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்காமல் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? குடிக்கிற தண்ணீர் எல்லாம் கெட்டுப் போகிற நேரம் அது.

எங்கள் எருமைதானா என்றுகூடத் தெரியாது. கொம்பு வளைவைக் கேட்டோம், ஒருவர் ஆமாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார்.

---

முந்திரிக்காடு | 10 டிசம்பர் 2024, காலை 11.05

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆட்டுக்காரர்கள் நிலைமையையும் யாராவது எழுதுங்கள். மாட்டுக்குக் காதில் அடையாள வில்லை இருக்கிறது, சொசைட்டியில் கணக்கு இருக்கிறது. ஆட்டுக்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஆட்டுக்காரப் பெண்கள் பாதிப்பேருக்குச் சொந்தக் கொட்டகைகூட இல்லை, புறம்போக்கில் பட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு அக்காவுக்கு 19 ஆட்டில் 6 மிச்சம். ‘உன் ஆடு என்று எப்படி நம்புவது’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்.

2011-இல் தானே புயல் அடித்தபோது எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு நிவாரணம் எழுத வந்தார்கள். மரம் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும், எண்ணிக்கொள்ளலாம். ஆடு அப்படிக் கிடக்காது.

---

நிதானம் | 10 டிசம்பர் 2024, மாலை 4.30

எல்லோருடைய வலியும் உண்மை. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பேச வேண்டும். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் என்பது உடனடியாக எழுந்து நிற்க ஒரு கை கொடுப்பது. மாட்டின் முழு விலையை அரசு தர வேண்டும் என்றால் அதற்குக் காப்பீடு இருக்கிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் இந்த வருடம் விவசாயி பங்கை 15 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள், மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. எத்தனை பேர் எடுத்திருக்கிறோம்? எங்கள் தெருவில் 40 மாடு, காப்பீடு இரண்டுக்கு.

---

பெண்ணைக்கரை | 10 டிசம்பர் 2024, இரவு 8.10

நிதானம் அண்ணே, நான் முழு விலை கேட்கவில்லை. இருக்கிற விதியில் இருக்கிற 37,500-ஐத்தான் கேட்கிறேன்.

இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். காணாமல் போன இளைய கறவை ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈற்று. சராசரியாக ஒரு நாளைக்கு 7 லிட்டர். கொள்முதல் விலை 35, போன வருடக் கடைசியில் அறிவித்த ஊக்கத்தொகை 3, ஆக 38 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 266 ரூபாய். கொழுப்பு, சத்து பார்த்து அதிலும் குறையும். பாதி தீவனத்துக்குப் போய்விடும். மீதியில்தான் வீடு ஓடுகிறது, தங்கச்சி காலேஜ் போகிறாள். அதே மாதிரி மாடு இன்று வாங்கப் போனால் 60,000-த்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் மாடு தேடுவதால் விலை இன்னும் ஏறியிருக்கிறது.

காப்பீடு எடுக்கவில்லை, அது என் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

---

மருத்துவன் | 10 டிசம்பர் 2024, இரவு 10.45

கால்நடை மருத்துவராக வேறொரு மாவட்டத்தில் இருக்கிறேன். தென்பெண்ணைப் பக்க வெள்ளப் பணிக்கு ஐந்து நாள் அனுப்பப்பட்டு, நேற்றுதான் திரும்பினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரேதப் பரிசோதனை என்பது எங்களுக்கு வெறும் காகிதம் இல்லை. மூழ்கிச் செத்த மாட்டின் மூச்சுக்குழாயில் நுரையும் சேறும் இருக்கும், நுரையீரல் ஊதிக் கனத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘வெள்ளத்தில் மூழ்கி இறந்தது’ என்று எழுத முடியும். ஒரு நாள் தாண்டினால் இந்த ஈரத்தில் உடல் உப்பி, தோல் கழன்று, உள்ளே எதுவும் அடையாளம் தெரியாது. நான் போன ஒரு ஊரில் டிராக்டரில் நின்றபடிதான் உள்ளே நுழைந்தோம், மூன்றாம் நாள். அங்கே கிடந்த ஒன்பது மாட்டில் ஆறுக்கு ‘அழுகிய நிலை’ என்றுதான் எழுத முடிந்தது. அப்படி எழுதினால் நிவாரணம் நிற்குமோ என்று அந்த மக்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூழ்நிலையையும் சேர்த்து எழுதினேன்: சுற்றி நான்கடி வெள்ள அடையாளம், சுவரில் சேற்றுக்கோடு, கழுத்தில் கயிறு. எழுதுகிறவர் மனது வைத்தால் இதை எழுதலாம்.

இப்போது காணாமல் போன மாட்டுக்கு வருகிறேன். பெண்ணைக்கரை, உங்கள் மாட்டுக்குக் காது வில்லை போட்டிருந்தார்களா? மஞ்சள் வில்லை, 12 இலக்க எண். கோமாரி தடுப்பூசி போடும்போது போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அடித்தால் மாடு யார் பெயரில் இருக்கிறது, என்ன இனம், எப்போது தடுப்பூசி என்று பதிவில் வரும். மாடு உங்களிடம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. உங்கள் பகுதி மருந்தகத்தில் அந்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மத்தியப் பட்டியலை நான் படித்திருக்கிறேன். இழப்பை ‘மாநில அரசு குறிப்பிடும் தகுதி வாய்ந்த அலுவலர் சான்றளிக்க வேண்டும்’ என்பதுதான் அதில் இருக்கிற நிபந்தனை. அலுவலர் எதை வைத்துத் திருப்தி அடைய வேண்டும் என்பது அலுவலர் கையில் இருக்கிறது. உடல் ஒரு சான்று. அது ஒன்றே சான்று என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

---

பழைய கணக்கு | 11 டிசம்பர் 2024, காலை 7.20

டாக்டர் சொன்னது சரி. நேற்று இரவு நானும் பழைய நாட்களை நினைத்துப் பார்த்தேன். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பக்கம் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் உடல் இல்லாமல் தவித்தார்கள். ஒருவர் காணாமல் போனால் 7 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சாதாரண சட்டம். சுனாமிக்கு அப்படி வைத்துக்கொண்டால் எந்தக் குடும்பமும் பிழைக்காது என்று விசாரணை நடத்தி, சாட்சி வாங்கி, இறப்புச் சான்று கொடுக்கத் தனி வழி செய்தார்கள். மனிதருக்கே செய்ய முடிந்தது. மாட்டுக்கு ஒரு விசாரணை அறிக்கை எழுதக் கை வராதா என்று எனக்கே தோன்றுகிறது. நான் முதல் பதிலில் கொஞ்சம் கறாராகப் பேசிவிட்டேன்.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். மனுவில் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் அடித்துப் போனது என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு பேர் கையெழுத்து, அவர்களுடைய கதவு எண்ணோடு. காது வில்லை எண். சொசைட்டியில் பால் ஊற்றிய கணக்கு நகல். தாசில்தாருக்கு ஒன்று, கால்நடைத் துறைக்கு ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒன்று. குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத மனு கிணற்றில் போட்ட கல்தான். வாயால் ‘முடியாது’ என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

---

கோழிக்கொட்டகை | 11 டிசம்பர் 2024, மதியம் 1.15

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 3,000 பிராய்லர் போய்விட்டது, 28 நாள் குஞ்சு. கோழிக்கு 100 என்று கேட்டதும் 3 லட்சம் வரும் என்று வீட்டில் நம்பிவிட்டார்கள். விதிப்படி எவ்வளவு வரும்?

---

பழைய கணக்கு | 11 டிசம்பர் 2024, மதியம் 2.40

ஐயா, அந்த மத்தியப் பட்டியலில் ஒரு குடும்பத்துக்குக் கோழி வகையில் மொத்த வரம்பு 10,000 ரூபாய்தான். வீட்டுக்கோழி வளர்ப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி. இன்னொன்று கேட்கிறேன், குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுத்ததா? ஒப்பந்த வளர்ப்பு என்றால் கோழி யாருடையது என்ற கேள்வியும் வரும்.

---

கோழிக்கொட்டகை | 11 டிசம்பர் 2024, மதியம் 3.05

ஒப்பந்தம்தான். குஞ்சு அவர்களுடையது, கொட்டகையும் கரண்டு பில்லும் வங்கிக் கடனும் என்னுடையது. எனக்கு வளர்ப்புக் கூலி மட்டும். அப்படியானால் என் நஷ்டத்துக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. சரி, பதிலுக்கு நன்றி ஐயா.

---

நிதானம் | 11 டிசம்பர் 2024, இரவு 9.00

இதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு என்பதில் இப்போதும் நிற்கிறேன். ஆனால் நிவாரணம் யாருக்குப் போகிறது என்பதை இழப்பு தீர்மானிக்க வேண்டும். இப்போது அதைத் தீர்மானிப்பது உடல் எந்த வேலியில் சிக்கியது என்பது. ஒரே ராத்திரி, ஒரே தெரு, ஒரே தண்ணீர். ஒருவர் வீட்டு ஆடு முள்ளில் மாட்டியது, இன்னொருவர் ஆடு கடலுக்குப் போனது. இது நியாயம் இல்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு 944.80 கோடி விடுவித்ததாக 6-ஆம் தேதி செய்தி வந்தது. போதுமா போதாதா என்பது வேறு விவாதம். இருக்கிற பணத்தில் ஒரு மாட்டுக்கு விதிப்படி வர வேண்டியது வர வேண்டும்.

---

மருத்துவன் | 12 டிசம்பர் 2024, காலை 5.50

பிழைத்த மாடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். அவசரம்.

வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் அடுத்த ஆபத்து. நான் இருந்த ஐந்து நாளில் வெள்ளத்தில் பிழைத்த மூன்று மாடு சோற்றால் செத்தது. நிவாரண முகாமில் மிஞ்சிய சாம்பார் சாதம், தக்காளி சாதம், நனைந்து போன ரேஷன் அரிசி எல்லாவற்றையும் பாவம், பசியோடு நிற்கிறதே என்று அண்டாவோடு வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த மாடு வயிறு முட்டத் தின்னும். வயிற்றில் புளிப்பு ஏறி, படுத்துவிடும். கண் குழி விழும், சாணி தண்ணீராகப் போகும். அந்த நிலைக்கு வருமுன் 1962 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். டாக்டர் வரும்வரை ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரை ஏறாமல் மெதுவாகப் புகட்டலாம்.

நனைந்த வைக்கோல் போரைப் பிரித்துக் காயப்போடுங்கள். உள்ளே கறுத்துப் பூஞ்சை பிடித்ததை எடுத்து எறிந்துவிடுங்கள், மனது கேட்காது, ஆனாலும் எறியுங்கள். சேற்றில் நின்ற மாட்டுக்குக் குளம்பு இடுக்கைத் தினமும் பாருங்கள். மடி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொண்டை வீங்கி, மூச்சு இரைத்தால் தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் உயிர் போகும்.

இப்படி பத்து நாள் கழித்துச் சாகிற மாட்டையும் வெள்ளத்துச் சாவாகவே நான் பார்க்கிறேன். சான்றில் ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதினால் அது சாதாரணச் சாவு ஆகிவிடும். ‘வெள்ள நீரில் நின்றதன் தொடர்ச்சியாக’ என்ற சில சொற்கள் சேர்ந்தால் கேட்பதற்கு ஒரு வழி இருக்கும். உண்மையாக இருந்தால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்குவதால்தான் பல இடத்தில் அது விட்டுப்போகிறது.

---

முந்திரிக்காடு | 12 டிசம்பர் 2024, காலை 8.30

டாக்டர், சாதம் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். நேற்றுதான் எங்கள் தெருவில் ஒரு மாட்டுக்கு அப்படி வைத்தார்கள். இப்போதே போய்ச் சொல்கிறேன்.

---

பெண்ணைக்கரை | 17 டிசம்பர் 2024, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்தேன், எண் வாங்கிவிட்டேன்.

காது வில்லை எண் அம்மா தகரப்பெட்டியில் இருந்தது. தடுப்பூசி போட்ட அன்று அவர்கள் கிழித்துக் கொடுத்த சின்னச் சீட்டு. மருந்தகத்தில் அடித்துப் பார்த்ததில் அம்மா பெயரோடு வந்தது. கிடேரிக்கு வில்லை போடவில்லை. அன்று வீட்டில் இல்லை, மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

சொசைட்டியில் பால் கணக்கை நகல் எடுக்கப் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். செயலாளர் பேனாவால் சுழித்துக் காட்டினார். 2-ஆம் தேதி காலை 8 லிட்டர். அன்று மாலை மழையால் வண்டி வரவில்லை. 3, 4 யாருமே ஊற்றவில்லை. 5-ஆம் தேதியிலிருந்து தெருவில் எல்லோர் பெயருக்கு நேரேயும் ஏதோ ஓர் எண் இருக்கிறது, ஒன்றரை, இரண்டு என்று குறைந்தாவது இருக்கிறது. எங்கள் பெயருக்கு நேரே கோடு. அந்தக் கோடு கீழே வரை போகிறது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் 8 லிட்டர் எங்கள் மாடு எதுவும் தனியாகக் கறக்காது. இரண்டு மாடு இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையும் இணைத்திருக்கிறேன். செயலாளர் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

---

பழைய கணக்கு | 18 டிசம்பர் 2024, காலை 6.40

அருமை தம்பி. பால் கணக்கை நான் என் பணிக்காலத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

---

பாகூர் ஏரிக்கரை | 4 ஜனவரி 2025, இரவு 7.50

பால் கணக்கு யோசனையை இங்கேயும் செய்தோம். சித்தப்பா பான்லே பால் சங்கத்தில் ஊற்றுகிறார். நகல் கொடுத்தார்கள், மனுவோடு சேர்த்தாயிற்று. வாங்கி வைத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்பதே முதல் தடவையாகக் கேட்கிறோம்.

---

பெண்ணைக்கரை | 23 பிப்ரவரி 2025, இரவு 9.15

இழையை இழுத்து மேலே கொண்டு வருகிறேன், நிலவரம் சொல்ல.

மூத்த கறவைக்கு 37,500, நான்கு ஆட்டுக்கு 16,000, ஆக 53,500 அம்மா கணக்கில் ஏறிவிட்டது. இளைய கறவைக்கு ஒரு நாள் வந்து விசாரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆயா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாடு நின்ற இடத்தைக் காட்டினார். சுவரில் சேற்றுக்கோட்டை நாங்கள் வெள்ளையடிக்காமல் அப்படியே வைத்திருந்தோம், அதையும் பார்த்தார்கள். எழுதிக்கொண்டு போனார்கள். அறிக்கை மேலே போயிருப்பதாகச் சொல்கிறார்கள். பணம் வரவில்லை. கிடேரிக்கும் ஏழு ஆட்டுக்கும் ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கிடேரியை நான் விடப்போவதில்லை. மறுபடி எழுதுவேன். அது பிறந்த தேதி சினை ஊசிப் பதிவில் இருக்கும் என்று மருத்துவன் சார் தனியாகச் சொன்னார்.

குடியரசு தின கிராம சபையில் ஒரு தீர்மானம் கொடுத்தோம். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட கால்நடைக்கு காது வில்லை, பால் கணக்கு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் மூன்றில் இரண்டு இருந்தால் இறந்ததாக ஏற்க வேண்டும் என்று. 60 பேருக்கு மேல் கையெழுத்து. இதே வாசகத்தை உங்கள் ஊரிலும் கொடுங்கள். ஒரு ஊர் கேட்டால் அது எங்கள் பிரச்சினை. ஆற்றங்கரை முழுக்கக் கேட்டால் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள்.

---

முந்திரிக்காடு | 23 பிப்ரவரி 2025, இரவு 10.00

தம்பி, மூன்றில் இரண்டு என்றால் ஆட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? வில்லையும் இல்லை, பால் கணக்கும் இல்லை.

---

பெண்ணைக்கரை | 23 பிப்ரவரி 2025, இரவு 10.25

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. நாங்கள் மாட்டை மட்டும் நினைத்து எழுதிவிட்டோம். அடுத்த கிராம சபைக்கு முன் மாற்றிவிடலாம். என்ன வாசகம் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

---

முந்திரிக்காடு | 24 பிப்ரவரி 2025, காலை 9.10

குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி தடுப்பூசி முகாம் நடக்கும்போது யார் எத்தனை ஆடு கொண்டு வந்தார்கள் என்று எழுதுகிறார்களே, அந்த நோட்டுக் கணக்கைச் சான்றாக ஏற்க வேண்டும் என்று சேருங்கள். நாங்கள் இங்கே ஒன்று செய்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு பட்டியையும், ஆட்டுக்காரரும் ஆடும் தெரிகிற மாதிரி, தேதியும் இடமும் விழுகிற கேமரா ஆப்பில் படம் எடுத்து வைப்பது என்று. 19 ஆடு வைத்திருந்த அக்காவிடம்தான் முதலில் போனோம். இப்போது 8 ஆகியிருக்கிறது, இரண்டு குட்டி.

---

மருத்துவன் | 24 பிப்ரவரி 2025, இரவு 8.20

முகாம் பதிவேடு நல்ல யோசனை. ஆட்டுக்கும் வில்லை போடலாம், காப்பீடு எடுக்கும்போது கட்டாயம் போடுவோம். அதையும் மக்கள் கேட்க வேண்டும்.

பெண்ணைக்கரை, சினை மாடு என்ன ஆயிற்று?

---

பெண்ணைக்கரை | 24 பிப்ரவரி 2025, இரவு 9.05

தை கடைசியில் ஈன்றது சார். கிடேரிக் கன்று. இப்போது வேளைக்கு நான்கு லிட்டர் ஊற்றுகிறோம், பால் அட்டையில் கோடு போய் மறுபடி எண் விழுகிறது. இந்தத் தடவை காப்பீடு எடுத்துவிட்டேன். கன்றுக்கு வில்லை போட இன்னும் வயது வரவில்லை என்றார்கள், நெற்றிச் சுழி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா தேங்காய் நார்க் கயிற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. நைலான் கயிறுதான், அதிலும் ஒரு முனையை இழுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வரும்படி முடிச்சுப் போடுகிறார். தினமும் சாயங்காலம் கட்டி முடித்ததும் ஒரு தடவை இழுத்து அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டுகிறார்.